பற்றாசும் ஆசும்

(பிள்ளையார்பாளையத்தில் விடுமுறைத் தமிழ் வகுப்பின் நிறைவு நாளில் ஆற்றிய உரை)



யாப்பும் அணியும் நடத்தும் தமிழாசிரியனுக்கு மின்னணுப் பொறியில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் நகைத்தது என் காதிலும் விழுந்தது. அந்நகைப்புக்கு நான் உரியவனே. ஏன் என்பதைச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

இதோ, இச்சுவரில் செவ்வொளியால் பொழுது காட்டும் இந்த எண்ணியல் மணிப்பொறி, கடையில் முடித்து வாங்கியதன்று. சென்னை இரிச்சித் தெருவில் உதிரிகளாக வாங்கிவந்து, நம் பிள்ளைகளும் நானும் திண்ணையில் அமர்ந்து பொருத்தியது.

நாளொன்றை 60 நாழிகையாகப் பகுத்தெண்ணினர் நம் முன்னோர். பாசறையில் இருக்கும் வேந்தனுக்கு, கன்னல் என்னும் வட்டிலில் நீரளந்து பொழுது சொல்வோரை முல்லைப்பாட்டிற் காண்கிறோம். அன்று நீர் செய்த வேலையை இன்று ஒரு பளிங்குத் துணுக்கு செய்கிறது. அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அவ்வெண்ணைப் பாதியாக்கி, மீண்டும் பாதியாக்கி, இவ்வாறு 15 முறை செய்தால் எஞ்சுவது ஒன்று. அவ்வொன்றே ஒரு நொடி. நொடிகளை எண்ணி மணித்துளியாகவும் மணியாகவும் தொகுப்பது, விரல்நுனியளவே உள்ள ஒரு தொகுசுற்று.

எண்ணைக் காட்டுவன ஒளிக்கீற்றுகள். ஓர் எண்ணுக்கு ஏழு கீற்று. 8 என்று காட்ட ஏழும் எரியவேண்டும். 1 என்று காட்ட வலப்புறத்து இரண்டே போதும். நான்கு எண்களுக்கு 28 கீற்று. ஒவ்வொன்றுக்கும் தனிக்கம்பி இழுத்தால் சிக்கலாகும். ஆதலின், நான்கு எண்களிலும் ஒரே இடத்தில் உள்ள கீற்றுகளுக்கு ஒரே கம்பி. நான்கு எண்களும் ஒன்றன்பின் ஒன்றாகவே எரிகின்றன. அவ்விரைவில் நம் கண் அவற்றை ஒருசேரக் காண்கிறது. இதனை நினைவில் வையுங்கள்.

உறுப்புகளைப் பலகையிற் பற்றவைப்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்த மெல்லிய கம்பி. 100 பங்கில் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கொண்ட கலவை, 183 பாகை செல்சியசில் உருகும். சூட்டுக்கோலின் நுனியால் உறுப்பின் காலையும் பலகையின் செப்புவட்டத்தையும் ஒருங்கே சூடாக்கி, அச்சூட்டிலேயே ஈயக்கம்பி உருகுமாறு தொடவேண்டும். பின்பு ஆறி இறுகுமளவும் அசைக்கலாகாது. நன்கு பற்றியது சிறு குன்றுபோற் சரிந்து பளபளக்கும். பற்றாதது மங்கிய உருண்டையாய் ஒட்டிக்கொண்டு நிற்கும். காரீயம் நஞ்சு, வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் உண்ணலாகாது.

இவ்வளவும் சொல்லிக்கொடுத்த நானே கடைசிச் சில கால்களை, இருட்டுகிறதே என்று விரைந்து பற்றவைத்தேன். மணிப்பொறி எரிந்தது, கைதட்டினோம், சுவரில் மாட்டினோம்.

மறுநாட் காலை வகுப்புத் தொடங்குமுன் ஒரு சிறுவன் கூவினான்: "ஐயா, மணி பின்னால் போகிறது!" 6:56 என்று காட்டியது, அடுத்த மணித்துளியில் 6:55 என்று காட்டிற்று. உண்மையில் அப்போது மணி 8:59.

நான் திகைத்து நின்றேன். அவ்வேளையில், நெசவாளர் வீட்டுப் பெண்ணொருத்தி முன்வந்தாள். பத்தாம் வகுப்பு முடித்தவள். அறிவியலெல்லாம் ஆங்கிலம் அறிந்தவர்க்கே வரும், எனக்கு வராது என்று மேல்வகுப்பில் அப்பிரிவையே விட்டுவிட எண்ணியிருந்தவள். அவள் சொன்னாள்: "ஐயா, எட்டு ஆறாகிறது, ஒன்பது ஐந்தாகிறது. இரண்டிலும் வலப்புறத்து மேற்கீற்றுத்தான் இல்லை. துணியில் ஒரே இடத்தில் நெடுகக் கோடு விழுந்தால் பாவு இழை ஒன்று அறுந்திருக்கிறது என்று அப்பா சொல்வார். குறுக்கே விழுந்தால் ஊடையில் பிழை. இது பாவுப் பிழை ஐயா. நான்குக்கும் பொதுவான அந்தக் கம்பியைப் பாருங்கள்."

பார்த்தேன். அக்கம்பியின் முனையில் மங்கிய உருண்டை. விரைந்து பற்றவைத்த என் கைவேலை! மாட்டும்போது ஏற்பட்ட அசைவில் அது விட்டுப்போயிருந்தது. மீண்டும் சூடாக்கிப் பற்றவைத்தோம். எட்டு எட்டாயிற்று.

அன்பர்களே, அவ்விரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சூட்டுக்கோல் வேலைக்குத் தமிழ்ச் சொல் ஆக்க வேண்டுமென்று பல நாள் ஏட்டில் எழுதியும் அடித்தும் பார்த்தவன் நான். பொற்கொல்லர் வெண்காரம் இட்டு ஊதுகுழலால் ஊதிப் பொன்னோடு பொன்னை இணைக்கும் பொருளுக்குப் பற்றாசு என்று பெயர். பாத்திரம் அடைப்பவரும் 'ஈயம் பத்த வைக்கிறேன்' என்றே சொல்வார். அதுமட்டுமன்று. ஆசிடை நேரிசை வெண்பாவை எத்தனை ஆண்டு நடத்தியிருக்கிறேன்! முதற்குறளும் தனிச்சொல்லும் ஒட்டாமல் விட்டிசைக்குமிடத்து ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பது ஆசு. மாழைகளை ஒட்டும் பற்றாசு போன்றது என்று விளக்கமும் சொல்லியிருக்கிறேன். வாய் சொன்னது, கை அறியவில்லை. கையில் சூடு பட்டபிறகே அச்சொல் எனக்கு விளங்கிற்று.

ஆசு என்பதற்குக் குற்றம் என்றும் பொருளுண்டு. பற்றிய ஆசு இணைப்பாகும். பற்றாத ஆசு குற்றமாகும். ஆசு இரியச் செய்பவனே ஆசிரியன் என்று பொருள் சொல்வாருண்டு. அன்று என் ஆசை இரியச் செய்தவள் என் மாணவி.

நமக்குச் சொல் இல்லை என்று நாம் வருந்துவன பலவும், நாம் தேடாத தெருக்களில் வாழ்கின்றன. தறிமேடையிலும் பட்டறையிலும் கேளுங்கள். கேட்டும் கிடைக்காதபோது ஆக்குங்கள். ஆனால் ஏட்டிலிருந்துகொண்டு ஆக்காதீர்கள். பொருளைக் கையில் எடுத்து, செய்து, பின் பெயரிடுங்கள்.

பெற்றோரே! அப்பெண் எப்பிரிவிற் சேர்வாள் என்பதை அவளும் நீங்களுமே முடிவுசெய்ய வேண்டும். ஆயினும், பாவும் ஊடையும் அறிந்த பிள்ளையிடம் 'உனக்கு வராது' என்று மட்டும் இனிச் சொல்லலாகாது. அறிவு அவளிடம் முன்னரே இருந்தது. அதனைப் பள்ளிப்பாடத்தோடு பற்றவைக்க ஒரு பற்றாசுதான் வேண்டியிருந்தது. அப்பற்றாசு தாய்மொழி.

மணி என்ன என்று பாருங்கள். இப்போது அது உண்மையே சொல்கிறது. உரையை நிறுத்திக்கொள்கிறேன்.