பவுண்டுக்குப் பவுண்டு

(மருத்துவமனையைத் தாங்குவோர் கூடுகையில் எங்கள் சிற்றாலயத்தில் அளிக்கப்பட்ட செய்தி)



 கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. ஏழை நோயாளிகளுக்கான நிதிக்காக இவ்வாண்டும் கேக் செய்து விற்கப் போகிறோம். ஆகவே, இன்று கேக்கைக் குறித்தே சில வார்த்தைகள்.

அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தில், 1848இல் தொடங்கிய கெத்செமனி என்னும் கத்தோலிக்கத் துறவியர் மடம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் விடியுமுன் எழுந்து ஜெபிக்கிறார்கள். பின்பு கைவேலை செய்கிறார்கள். அவர்கள் செய்யும் பழக் கேக் தபாலில் வெகுதூரம் போகிறது. தமிழரிடையேயும் இத்தகைய உழைப்பு உண்டு. யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய ஆசிரமத்தின் துறவிகள் செய்யும் நெல்லிரசத்தையும் திராட்சை ரசத்தையும் அவ்வூர் மக்கள் நன்கு அறிவார்கள்.

கெத்செமனி மடத்தார் பின்பற்றுவது, ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு. அதன் 57ஆம் அதிகாரம் மடத்துக் கைவினைஞரையும் அவர்கள் செய்தவற்றை விற்பதையும் பற்றியது. விற்பனையில் வஞ்சகம் கூடாது; பேராசை கூடாது; வெளியில் விற்பதைவிடச் சற்றுக் குறைத்தே விற்க வேண்டும் என்கிறது. இதை நம் கடற்கரைத் தாய்மார் படிக்காமலே அறிந்திருக்கிறார்கள். மீனைக் கூறு கட்டி விற்கும்போது, கொசுறாக இரண்டு மீன் போடாமல் அவர்கள் கூடையை மூடுவதில்லை.

துறவியர் மடங்கள் சில விற்கும் பவுண்டு கேக்குக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? பழைய முறைப்படி மாவு ஒரு பவுண்டு, வெண்ணெய் ஒரு பவுண்டு, சர்க்கரை ஒரு பவுண்டு, முட்டை ஒரு பவுண்டு. ஒன்றைக் குறைத்தால் அந்தப் பெயரே பொய்யாகிவிடும்.

எங்கள் நடுவிலும் ஒரு யோசனை எழுந்தது. "வெண்ணெய் விலை ஏறிவிட்டது. பாதி வனஸ்பதி சேர்ப்போம். தர்ம காரியம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?" நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால், அன்பானவர்களே, 'தர்மம்தானே' என்ற அந்தச் சொல் சமையலறையோடு நிற்காது. நாளை அது வார்டுக்குள் வரும். பணம் கட்டாத நோயாளிக்கு இந்தப் படுக்கை போதும், இந்தக் கட்டுத்துணி போதும், இவ்வளவு நேரம் போதும் என்று சொல்ல வைக்கும். கேட்க முடியாதவனுக்குக் குறைத்துக் கொடுப்பதே கள்ளத்தராசு. நீதிமொழிகள் அதைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று போதிக்கிறதல்லவா?

ஆகவே முழு வெண்ணெயே சேர்ப்போம் என்று முடிவு செய்தோம். லாபம் குறையும், அளவு குறையாது. நீங்கள் அனுப்பும் காணிக்கையும் அப்படியே குறைவின்றி நோயாளியின் படுக்கையருகே போய்ச் சேர வேண்டும். அதைக் காக்கும் உண்மையை எங்களுக்குத் தரும்படி ஜெபியுங்கள்.

அமுக்கிக் குலுக்கி அளக்கிற ஆண்டவர் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.