பாலூட்டும் தாயின் ஆகாரம்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பசு கன்று ஈன்றதும் நாம் செய்வது யாது? தவிடும் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கூட்டி வைக்கிறோம்; கழுநீர்த் தொட்டி வற்றாமல் பார்த்துக்கொள்கிறோம். அதே வீட்டில் மருமகள் பிள்ளை பெற்றாலோ, பச்சை உடம்பு என்று சொல்லித் தண்ணீரைக் குறைக்கிறோம். கீரை ஆகாது, பருப்பு ஆகாது, மோர் ஆகாது, பழம் ஆகாது என்று ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, எஞ்சிய ரசஞ்சோற்றுக்குப் பத்தியம் என்று பெயரிடுகிறோம்.

பத்தியம் முழுவதும் தவறு என்று சொல்ல நாம் வரவில்லை. பூண்டும் முருங்கைக்கீரையும் நல்ல ஆகாரங்களே. ஆயினும் பால் பெருகுவதற்கு முதற்காரணம் குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதேயாகும். சப்பச் சப்பப் பால் ஊறும். இடையிடையே சர்க்கரைத் தண்ணீரும் டப்பாப் பாலும் புகட்டினால் ஊறுவது குறையும்.

‘தாய் மெலிந்தவள், அவள் பாலில் சத்தில்லை’ என்று கூறி, கடன் வாங்கியேனும் டப்பாப் பால் வாங்கும் குடும்பங்கள் நம் வட்டாரத்தில் உண்டு. இது தவறான எண்ணம். 1918-ல் குன்னூரில் பெரிபெரி நோய் ஆராய்ச்சிக்கென மெக்காரிசன் தொடங்கிய சிறு நிலையமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அது குன்னூரில் இருந்தபோதே, 1950-களில், டாக்டர் சி. கோபாலன் வறிய தாய்மார்களின் பாலை ஆராய்ந்தார். அரைவயிறு உண்ணும் தாயும் மாதக்கணக்கில் பாலூட்டி வருகிறாள் என்பதும், பாலிலுள்ள புரதம் அதனால் பெரிதும் குன்றுவதில்லை என்பதும் தெளிவாயின. பாலிலுள்ள சுண்ணச்சத்தும் இரும்புச்சத்தும் அவ்வாறே. தாய் உண்ணாவிடினும் அவள் உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துப் பாலாக்குகிறது. குழந்தை கொழுகொழுவென்று வளர, தாய் சோகை பிடித்து உழல்வதை நாம் காண்பது இதனாலேயே. பால் வருகிறதே என்று நாமும் கவலையற்றிருந்து விடுகிறோம்.

ஆனால் ஜீவசத்துக்கள் எனப்படும் வைட்டமின்களின் கணக்கு வேறு. தாயின் இலையில் இல்லாதது பாலிலும் குறைந்துவிடுகிறது. இவற்றுள் பி-1 என்பது அரிசித் தவிட்டை ஒட்டியிருப்பது. ஆலையில் நன்றாகத் தீட்டிய பச்சரிசியை மட்டுமே உண்ட தாய்மார்களின் கைக்குழந்தைகள், இரண்டு மூன்று மாதத்தில் திடீரென அழுகைக் குரல் கம்மி, மூச்சுத் திணறி, இருதயம் தளர்ந்து இறந்ததுண்டு. தாயிடத்து நோயின் அடையாளம் ஒன்றும் தோன்றாதபோதும் இவ்வாறு நேர்ந்தது. பழைய சென்னை மாகாணத்தில் ஆந்திரக் கடற்கரைப் பகுதியில் பெரிபெரி மிகுந்திருந்தது. நம் புழுங்கலரிசி இவ்வகையில் நமக்கு வாய்த்த நற்பேறு. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்த அரிசியையும் வெள்ளை வெளேரென்று தீட்டி, நாலு தண்ணீர் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டினால் இறங்கிய சத்தும் போய்விடும். ஏ வைட்டமினுக்குக் கீரையும் பரங்கிக்காயும் பப்பாளிப் பழமும் உள்ளன. பி-12 பால், மோர், முட்டை, மீன், இறைச்சி இவற்றிலேயே உண்டு. புலால் உண்ணாத தாய்க்கு மோரையும் விலக்கினால் அச்சத்துக்கு வேறு வழியில்லை. அயோடின் கலந்த உப்பையே வாங்கவேண்டும்.

தாய் கீரை தின்றால் பிள்ளைக்கு மாந்தம் வரும் என்பார்கள். பூண்டு போன்றவற்றின் மணம் பாலில் இறங்குவது உண்மை, அதனால் கேடில்லை. கேடு செய்வது புகையிலையும் மதுவும். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் தாய்மார்கள் இதை அறியவேண்டும். (பின்வரிசையில் நகைக்கிறார்கள், வீட்டிலே சுருட்டுப் பிடிக்கும் தகப்பனாரையும் சேர்த்தே சொல்கிறோம்.)

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். இது பெரிய செலவன்று. 100 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் இவற்றால் ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஒரு கைப்பிடி கீரையும் ஒரு குவளை மோரும் சேர்ந்தால் மிக நன்று. தண்ணீரோ தாகத்திற்கு வேண்டிய மட்டும். ஆயினும் வீட்டில் ஆடவர் உண்டு, பிள்ளைகள் உண்டு, மாமியார் உண்டபின் அவள் சட்டியை வழிக்கும் வழக்கம் உள்ளவரை, பருப்பு வாங்கியும் பயனில்லை. முதற் பந்தியில் அவளை உட்காரவைப்பது குடும்பத் தலைவரின் பொறுப்பு.

உறுப்பினர்களாகிய நீங்கள் செய்யக்கூடியவை சில உள. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பிரசவத்திற்குப் பின் ஆறு மாதம் வரை அங்கன்வாடி வழியாகச் சத்துணவு பெறுவது தாயின் உரிமை. மாவுப் பொட்டலம் வந்ததா என்று விசாரிப்பதோடு நில்லாமல், அதை யார் உண்டார்கள் என்றும் விசாரியுங்கள். அது மாட்டுத் தொட்டிக்குப் போவதும் உண்டு. பிரசவத்திற்குப் பின் 180 நாள் உண்ணவேண்டிய இரும்புச்சத்து மாத்திரை பரணில் கிடக்கிறதா என்று கிராம சுகாதாரச் செவிலியரோடு சென்று பாருங்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் தாய்மார்கள் வேளை தவறாமல் பாலூட்டிவர, நிலம் உடையவர்கள் கூலி பிடிக்காமல் அனுமதிக்க வேண்டும். அடுத்த கிராமசபையில் இதனை ஒரு பொருளாக வைத்து, அன்று கைக்குழந்தையுள்ள வீடுகளின் பட்டியலையும் கொண்டுவாருங்கள். வட்டார அலுவலகத்திலிருந்து நாங்களும் வருகிறோம்.