நோய் தீர்ந்தபின் நீங்காத சோர்வும் காலை ஒளியும்



வெள்ளி விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நான் பேசப்போவது புற்றுநோயிலிருந்து பிழைத்து எழுந்தவர்களைப் பற்றி. ஆகவே இது மங்கலமான பேச்சே.

அறுவை முடிந்தது, மருந்து ஏற்றி முடிந்தது, மக்கள் 'கரண்ட் வைத்தல்' என்று சொல்லும் கதிர்வீச்சும் முடிந்தது. "நோய் போய்விட்டது" என்று சொல்லி மருத்துவர் அனுப்பிவிட்டார். ஓராண்டு கழிகிறது, ஐந்தாண்டு கழிகிறது. ஆயினும் அம்மனிதரால் இரண்டு குடம் தண்ணீர் தூக்க இயலவில்லை. இரவெல்லாம் உறங்கியும் உறங்காதவர் போல எழுகிறார். படித்த பக்கம் மனத்தில் தங்குவதில்லை. இதனைப் புற்றுநோய்ச் சோர்வு என்று மருத்துவ நூல்கள் தனியே பெயரிட்டு அழைக்கின்றன. உழைத்த களைப்பு ஓய்வெடுத்தால் தீரும். இச்சோர்வு ஓய்வால் தீராது. சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் பிழைத்தவர்களுள் கணிசமானோரை இது விடுவதில்லை.

வீட்டார் என்ன சொல்கின்றனர்? "நோய்தான் போய்விட்டதே, இன்னும் என்ன படுக்கை?" என்கின்றனர். உழைத்து ஓய்ந்தவனைச் சோம்பேறி என்று ஏசும் வழக்கத்தை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? அச்சொல்லை நம் வீட்டு நோயாளியின் மீது நாமே வீசலாகாது.

நிற்க. இச்சோர்வுக்கு விளக்கொளியால் மருத்துவம் செய்து பார்த்திருக்கிறார்கள். வியப்பாகத் தோன்றலாம், ஆனால் அதற்குக் காரணம் உண்டு. கண் பார்ப்பதற்கு மட்டும் உரிய உறுப்பன்று. விழித்திரையில் உள்ள ஒருவகைச் செல்கள் ஒளியைத் தாமே உணர்ந்து, பொழுதின் வெளிச்சத்தை மூளைக்குத் தெரிவிக்கின்றன என்று 2002ஆம் ஆண்டில் ஆய்வாளர் காட்டினர். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உடலின் கடிகாரம் இருக்கிறது. காலையில் ஒளி பட்டால் அக்கடிகாரம் திருத்தம் பெறும். உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பு அடங்கும். புற்றுநோயும் அதன் சிகிச்சையும் உறக்கம் விழிப்பு என்னும் ஒழுங்கைக் குலைத்துவிடுவதால், ஒளியால் அதைச் சீராக்கினால் சோர்வும் குறையுமோ என்று கருதினர். ஒளி மருத்துவம் முன்பே வேறு துறையில் இருந்தது. குளிர்காலந்தோறும் வந்து போகும் மனச்சோர்வை ஒளி தணிக்கிறது என்று 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நார்மன் ரோசன்தால் என்னும் மருத்துவர் தம் துணைவர்களோடு எழுதினார்.

2018ஆம் ஆண்டில் கனடாவின் கால்கரி நகரத்து ஆய்வு வெளிவந்தது. மார்கழி மாதத்தில் எட்டு மணி நேரம்கூடப் பகல் இல்லாத ஊர் அது. சிகிச்சை முடிந்தும் சோர்ந்திருந்த 81 பேருக்கு விளக்குகள் கொடுத்தனர். சிலருக்குப் பளிச்சென்ற வெண்ணொளி, சிலருக்கு மங்கிய செவ்வொளி. நாள்தோறும் எழுந்தவுடன் அரைமணி நேரம், நான்கு வாரம். செவ்வொளி எதற்கு என்று கேட்பீர்கள். எதையேனும் கையில் கொடுத்து "இது உன்னைக் குணமாக்கும்" என்றால் பலருக்கு ஓரளவு தெளிவு பிறந்துவிடும். அந்த நம்பிக்கையின் பங்கைக் கழித்துப் பார்க்கவே இரண்டாம் விளக்கு. உடற்கடிகாரத்துச் செல்கள் செவ்வொளியை மிகக் குறைவாகவே பொருட்படுத்தும். முடிவில் இரு சாராருக்கும் சோர்வு குறைந்தது. வெண்ணொளி பெற்றவர்களுக்கு மிகுதியாகக் குறைந்தது.

இங்கேயே பேச்சை முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும். விளக்கு விற்பவன் இங்கேயேதான் முடிப்பான். ஆனால் கதை அவ்வளவில் முடியவில்லை.

நெதர்லாந்து நாட்டில் நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து மீண்ட 166 பேரிடம் பெரிய ஆய்வொன்று நடந்து, 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் பலர் ஹாட்ஜ்கின் நோயை வென்றவர்கள். இளைஞர்களே, அந்நோய் உங்கள் வயதினரையும் தாக்குவது, குணமும் ஆகக்கூடியது. ஆகவே பிழைத்தவருக்கு நெடுவாழ்வு முன்னே கிடக்கிறது, சோர்வோடு. ஒரு சாராருக்கு 10,000 லக்ஸ் ஒளி. மறு சாராருக்கு 10 முதல் 20 லக்ஸ் வரையிலான மங்கிய ஒளி, அதுவும் வெண்மையே. 25 நாள் பார்த்தார்கள். இரு சாராரும் நன்மை அடைந்தனர். ஆனால் பிரகாச விளக்குக்கும் மங்கல் விளக்குக்கும் வேறுபாடே காணப்படவில்லை!

அப்படியாயின் நன்மை எங்கிருந்து வந்தது? நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுந்து அமர்ந்த ஒழுங்கிலிருந்து வந்திருக்கலாம். "உன் சோர்வு மெய்யானது" என்று ஒருவர் கேட்டுக்கொண்டதிலிருந்தும் வந்திருக்கலாம். எனக்கு இரண்டாவதன் மேல் ஐயமில்லாத பற்று உண்டு. எனினும் பற்று வேறு, மெய்ப்பிப்பு வேறு. தாங்கள் விரும்பிய விடை கிடைக்காதபோதும் அதனை மறைக்காமல் அச்சிட்ட அந்த ஆய்வாளர்களை நான் மதிக்கிறேன்.

"நமக்கு விளக்கு எதற்கு, வெயில்தான் இலவசமாயிற்றே?" என்று ஒரு தாய் கேட்கலாம். கேள்வி நியாயமானது. வீட்டினுள் சில நூறு லக்ஸ் ஒளியே உண்டு. திறந்த வெளியிலோ உச்சிவெயில் ஒரு லட்சத்தை எட்டும். ஆகவே விலையுயர்ந்த விளக்கை வாங்கக் கடன்படவேண்டாம். காலை வெயிலில் நடப்பதில் இரட்டைப் பயன் உண்டு. ஏனெனில் இச்சோர்வுக்கு இதுவரை உறுதியான சான்று பெற்றுள்ள மருந்துகளுள் முதன்மையானது அளவான உடற்பயிற்சியே. படுத்திருப்பவரை நடக்கச் சொல்வது கொடுமை போலத் தோன்றும். முதல் நாள் வாசல் வரை, மறுவாரம் தெருமுனை வரை என்று தொடங்கினால் போதும். உடன் ஒருவர் நடந்தால் இன்னும் நன்று.

அதற்கும் முன்னே செய்யவேண்டியது ஒன்றுண்டு. சோர்வு என்று வருபவருக்கு இரத்தசோகை இருக்கலாம், கழுத்தில் கதிர்வீச்சுப் பெற்றவருக்குத் தைராய்டு குறைந்திருக்கலாம், மனம் தளர்ந்திருக்கலாம், நோயே திரும்பியிருக்கவும் கூடும். ஆகவே முதலில் மருத்துவரிடம் சென்று, "எனக்குச் சோர்வு தீரவில்லை, இரத்தம் பாருங்கள்" என்று வாய்திறந்து கேட்கவேண்டும். பெரிய நோய் போன பிறகு சிறு குறையைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் வாய்மூடித் திரும்புகின்றனர். படித்த பிள்ளை ஒருவன் உடன் சென்றால் அக்கூச்சம் அகலும். விழித்திரை நோய் உள்ளவர்களும், மனம் எல்லை மீறிக் கிளர்ந்தெழும் நோய் உள்ளவர்களும் பிரகாச விளக்கை மருத்துவரைக் கேளாமல் தொடவேண்டாம். சூரியனை நேரே நோக்குவதும் எவருக்கும் கூடாது.