புதிய கருவிக்கு மாறினால் பழைய செயலிக்கு மீண்டும் பணமா?

(பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் இன்று எத்தனை திரைகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். தந்தையிடம் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி, மகளிடம் ஐபோன், மகனிடம் விளையாட்டுக்கென ஒரு கருவி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கணினி. இவற்றுள் ஒன்று பழுதாகிப் புதியது வந்தவுடன் கேள்வி எழுகிறது. காசு கொடுத்து வாங்கிய செயலிகள் இதிலும் வருமா, அல்லது மறுபடியும் கட்ட வேண்டுமா? தொகை பெரும்பாலும் ஐந்து டொலர், பத்து டொலர்தான். ஆயினும் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அன்று கொடுத்த பணத்திற்கு உண்மையில் எதை வாங்கினோம் என்பதே அது.

ஒரே நிறுவனத்தின் கடைக்குள் பதில் எளிது. அப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடை 2008 ஆம் ஆண்டு யூலை மாதம் திறக்கப்பட்டது. அங்கு வாங்கியது கருவியோடு அன்றி, வாங்கியவரின் கணக்கோடு பிணைக்கப்படுகிறது. பழைய ஐபோனில் வாங்கியதைப் புதிய ஐபோனில் கட்டணமின்றி மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். கூகுளின் கடையிலும் முறை இதுவே. இருந்தும் இரண்டாம் முறை பணம் கட்டுவோர் உண்டு. பழைய கடவுச்சொல் மறந்துபோக, புதிய தொலைபேசிக்குப் புதிய கணக்கொன்றைத் திறந்துவிடுகின்றனர். பழைய கணக்கில் இருந்தவை அத்தனையும் அங்கேயே தங்கிவிடுகின்றன. கடவுச்சொல்லைத் தேடி மீட்க அரை மணி நேரம் செலவிடுவது வீண்வேலை அன்று.

ஒரு கடையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதுதான் சிக்கல். அன்ட்ரொயிட் தொலைபேசியில் மைன்கிராஃப்ட் விளையாட்டை வாங்கிய பிள்ளை ஐபோனுக்கு மாறினால், அதே விளையாட்டை அங்கே மறுபடியும் வாங்க வேண்டும். பிள்ளை கேட்பது நியாயமான கேள்வி: "அதே விளையாட்டுத்தானே, அப்பா?"

இங்கே விற்பவரின் பக்கத்தையும் கேட்க வேண்டும். இரண்டு இயங்குதளங்களுக்கும் எழுதப்படும் நிரல் பெரும்பாலும் ஒன்றன்று. வேறு மொழியில் எழுதி, வேறு திரைகளில் சோதித்து, தனியாகப் பராமரிக்க வேண்டும். விலையில் 30 விழுக்காடு வரை கடைக்குச் சேர்கிறது. 2021 முதல் சிறு தயாரிப்பாளருக்கு அது 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அப்பிள் கடையில் பொருளை வைத்திருக்க ஆண்டுக்கு 99 டொலரும் கட்ட வேண்டும். 2017 இல் அப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 11, பழைய 32 பிற்றுச் செயலிகளை இயக்குவதை நிறுத்தியது. தம் நிரலை மீண்டும் திருத்தாத தயாரிப்பாளர்களின் செயலிகள் அன்றோடு முடங்கின. ஒருமுறை விற்ற பொருளுக்காக ஆண்டுதோறும் உழைப்பவருக்கு யாராவது பணம் கொடுத்தாக வேண்டும்.

தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு கூச்சமும் இருக்க வேண்டும். மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர் உழைப்பால் இலவசமாகத் தருகிறது. எ-கலப்பை இலவசமாகவே வந்தது. அந்தப் பெருந்தன்மைக்குப் பழகிய காரணத்தால், தமிழ் கற்பிக்கும் செயலி ஒன்றுக்கு இரண்டு டொலர் கேட்டாலும் "தமிழுக்குமா காசு?" என்கிறோம். அதே கையால் ஆங்கில விளையாட்டின் பொற்காசுகளுக்கு இருபது டொலர் கட்டுகிறோம்.

எனவே, புதிய உழைப்புக்குப் புதிய விலை கேட்பது தவறன்று. செய்துமுடித்த அதே வேலைக்கு, கருவி மாறியது என்ற ஒரே காரணத்தால் மீண்டும் விலை கேட்பதே தவறு. 2010 இல் ஐபேட் வெளிவந்தபோது, சில தயாரிப்பாளர்கள் பெரிய திரைக்கெனத் தனிச் செயலி விற்றனர். வேறு சிலர் ஒரே செயலியை இரண்டு கருவிக்கும் கொடுத்தனர். உண்மையில் புதிதாக வடிவமைத்தவருக்குப் பணம் தகும். படத்தைப் பெருப்பித்து மட்டும் விற்றவருக்குத் தகாது. இயங்குதளம் மாறுவோருக்கும் குறைந்தபட்சம் விலைக்கழிவாவது கொடுக்கலாம். தமக்கெனக் கணக்கு முறை வைத்திருக்கும் பல நிறுவனங்களின் சேவை, எந்தக் கருவியில் நுழைந்தாலும் கிடைக்கிறது. தடை தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை என்பதற்கு அதுவே சான்று.

இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தட்டு என்று ஒரே பாடலை மூன்று முறை வாங்கிய தலைமுறை இந்த அரங்கில் அமர்ந்திருக்கிறது. அது வேறு என்பதை இளையோர் கவனிக்க வேண்டும். பழைய ஒலிநாடா வீட்டிலேயே இருந்தது. மச்சானுக்குக் கொடுக்கலாம், ஊருக்கு அனுப்பலாம், விற்கவும் செய்யலாம். விற்ற புத்தகத்தின் மறுவிற்பனை விலையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908 இலேயே தீர்ப்பளித்தது. செயலி அத்தகைய பொருள் அன்று. அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே விற்கப்படுகிறது. 2012 யூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், காலவரையற்ற உரிமத்துடன் இறக்கிய மென்பொருளை, தன் பிரதியைச் செயலிழக்கச் செய்த பின் மறுவிற்பனை செய்யலாம் என்றது. 2019 டிசம்பரில் அதே நீதிமன்றம் மின்னூல்களுக்கு அந்தச் சலுகை இல்லை என்றது.

அனுமதி என்பது எவ்வளவு மெல்லிய நூல் என்பதை அமேசன் 2009 இல் காட்டியது. வாசகர்களின் கின்டில் கருவிகளிலிருந்து ஜோர்ஜ் ஓர்வெலின் நூல்களை, அவர்களைக் கேளாமலே நீக்கியது. விலையைத் திருப்பிக் கொடுத்தது. பின்னர் மன்னிப்பும் கேட்டது. 2019 இல் மைக்ரோசொஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய நூல்கள் யாவும் மறைந்தன. அப்போதும் பணம் திரும்பியது. ஆயினும் அலுமாரியில் வைத்த புத்தகத்தைக் கடைக்காரர் இரவில் வந்து எடுத்துப்போவதை எவரும் பொறுப்பரோ?

கலிபோர்னியா மாநிலம் 2025 சனவரி முதல் நடைமுறைப்படுத்தும் சட்டம் இதில் ஒரு நல்ல அடி. உரிமம் மட்டுமே தரும் விற்பனையாளர், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது. சொல்லில் நேர்மை வந்தால் விலையில் நேர்மை கேட்க வழி பிறக்கும். ஏனைய நாடுகளில் வாழும் நம்மவர் தத்தம் நுகர்வோர் அமைப்புகளிடமும் மக்கள் பிரதிநிதிகளிடமும் இதையே கேட்கலாம்.

நம் குடும்பங்களுக்கு மட்டும் தனியாக வலிக்கும் ஓர் இடமும் உண்டு. அப்பிளும் கூகுளும் குடும்பப் பகிர்வு வசதி தருகின்றன. அப்பிளில் ஆறு பேர் வரை ஒருவர் வாங்கியதைப் பகிரலாம். ஆனால் இரு நிறுவனங்களும் குடும்பத்தினர் அனைவரும் ஒரே நாட்டினராக இருக்க வேண்டும் என்கின்றன. ரொறன்ரோவில் பேரப்பிள்ளையும் யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவும் இருந்தால், அந்த விதியின்படி அவர்கள் ஒரு குடும்பம் அல்லர். பேத்தி வாங்கிய தமிழ்ச் சொல் விளையாட்டை அம்மம்மா தம் தொலைபேசியில் விளையாட, மீண்டும் பணம். போர் சிதறடித்த குடும்பங்களை இந்த விதி எண்ணிப் பார்க்கவில்லை. நாமும் இதுவரை உரத்துச் சொல்லவில்லை.

இறுதியாக, பெற்றோர் கவனத்திற்கு ஒன்று. 2021 இன் இறுதியில் அப்பிள், ஒருவர் இறந்தபின் அவருடைய கணக்கைத் திறக்க நம்பிக்கைக்குரியவரை முன்கூட்டியே பெயரிடும் வசதியைக் கொண்டுவந்தது. படங்களும் குறிப்புகளும் அவ்வாறு பிள்ளைகளுக்குக் கிடைக்கும். பணம் கட்டி வாங்கிய திரைப்படங்கள், பாடல்கள், நூல்கள் கிடைக்கமாட்டா. அந்தப் பெயரிடலை இன்றிரவே செய்துவிடுங்கள், படங்களாவது எஞ்சும்.

இனி உங்கள் கேள்விகளுக்கான நேரம்.