குடியிருக்க வீடா, வண்டிக்கு இடமா?

(தாம்பரம் வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் உழைப்பாளி ஜனங்களுக்கு வீடு கட்டித் தர வேண்டும் என்று நாம் கேட்கிறோம். கேட்கும்போதெல்லாம் ஒரு பதில் கேள்வி வருகிறது. "வீடு கட்டலாம். ஆயிரம் பேர் குடிவந்தால் அவர்களுடைய வண்டிகளை எங்கே நிறுத்துவது? இருக்கிற தெருவே அடைபட்டுக் கிடக்கிறதே!" என்கிறார்கள்.

இந்தக் கேள்வியை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. இதற்குப் பயந்து வீட்டுக் கோரிக்கையைக் கைவிடவும் கூடாது. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில், கேட்பவர்கள் யார்? பெரிய பணக்காரர்களா? பெரும்பாலும் இல்லை. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்த ரயிலை நம்பி இங்கே குடியேறியவர்கள் ரயில்வே தொழிலாளர்கள், குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள். 1984-ல் ஏற்றுமதி வளாகம் வந்த பிறகு அதன் தொழிலாளர்களும் வந்தார்கள். கடன் வாங்கி அரை கிரவுண்டில் வீடு கட்டியவர்கள் இவர்கள். இவர்கள் வசிக்கும் சந்துகளில் இரு புறமும் கார்கள் நின்றால் ஆம்புலன்ஸ் நுழைய முடியாது. தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது. தண்ணீர் லாரி தெருமுனையிலேயே நின்றுவிடும். பிரசவ வலி கண்ட பெண்ணைத் தெருக்கோடி வரை நடத்திக்கொண்டு போகும் நிலைமை யாருக்கும் வரக் கூடாது. ஆகவே அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கவலைக்குக் காரணம் ஏழையின் வீடுதானா? இதைத்தான் பார்க்க வேண்டும்.

இடத்தை அளந்து பார்ப்போம். ஒரு காரை நிறுத்த இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். அது உள்ளே வரவும் திரும்பவும் வழி வேண்டும். எல்லாம் சேர்த்துத் திறந்த வெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர் என்று நகரத் திட்டக்காரர்கள் கணக்கிடுகிறார்கள். அது சுமார் 250 சதுர அடி. கண்ணகி நகரில் முதன்முதலில் ஏழைகளுக்குக் கட்டிய வீடுகளின் அளவு என்ன? ஏறத்தாழ 200 சதுர அடி! அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி எல்லோரும் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்து எழுந்த இடம் ஒரு காருக்கு ஒதுக்கும் இடத்தைவிடச் சிறியது. 2015-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதம மந்திரி வீட்டுத் திட்டத்திலும் ஏழைக் குடும்பத்தின் வீட்டுக்கு வைத்த உச்ச அளவு 30 சதுர மீட்டர்தான். அதாவது நான்கு கார்களுக்கு இடம் விட்டால் மூன்று குடும்பங்களின் வீட்டுக்கான தரை போய்விடும்.

இந்தக் கார்கள் யாரிடம் இருக்கின்றன? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் நூறு குடும்பங்களில் சுமார் எட்டுக் குடும்பங்களிடம்தான் கார் இருக்கிறது. இரு சக்கர வண்டியோ ஏறக்குறைய பாதிக் குடும்பங்களிடம் இருக்கிறது. ஏழைக் குடியிருப்பில் நிற்கப் போவது ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும், ஆட்டோவும், மீன்பாடி வண்டியும், இஸ்திரி வண்டியும், தள்ளுவண்டியும். இவற்றில் பாதி, வயிற்றுப் பிழைப்புக்கான கருவிகள். இவற்றுக்கு நிச்சயம் இடம் வேண்டும். இவற்றுக்குப் பிடிக்கும் இடம் கொஞ்சம்தான்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். நம் தொழிலாளி விடியற்காலையில் ரயில் நிலையத்து ஸ்டாண்டில் தன் வண்டியை விடுகிறான். காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறான். கார் வைத்திருப்பவர் இரவு முழுவதும் பொதுத் தெருவில் நிறுத்துகிறார்; பெரும்பாலும் ஒரு காசும் கொடுப்பதில்லை. தெரு யாருடைய சொத்து? எல்லாருடைய வரிப் பணத்திலும் போட்ட தெரு அது. வண்டி நிறுத்துமிடங்கள் விலைமதிப்புள்ள நகர நிலத்தை அடைத்துக்கொள்கின்றன, நிலத்தின் மதிப்புக்கு ஏற்பக் கட்டணம் வாங்க வேண்டும் என்று 2006-ல் மத்திய சர்க்காரின் நகரப் போக்குவரத்துக் கொள்கையே சொல்லியிருக்கிறது. ஏட்டில் சொன்னதைத் தெருவில் காணோம்.

கிராமத்திலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கு இது புதிய கதை அல்ல. மிராசுதார் வீட்டு வண்டிக் கொட்டகையையும் வைக்கோல் போர் போடும் இடத்தையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பண்ணையாளின் குடிசையை அதன் பக்கத்தில் வைத்தால் எது பெரிது? "உனக்கு மனை கொடுக்க இடமில்லை" என்று சொன்ன அதே ஊரில் வண்டிக்கு இடம் இருந்தது. மாட்டுக்கு இடம் இருந்தது. பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்குக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் 1971-ல்தான் தமிழ்நாட்டில் வந்தது. நகரத்தில் இன்று அதே வாதம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

ஆலைத் தொழிலாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரம்பூர் பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் உழைத்த அந்த மண்ணில் இன்று எழுந்து நிற்பவை விலைக்கு விற்கும் அடுக்குமாடி வீடுகள். விற்கிற வீடு என்றால் நகரத்துக்குள் இடம் கிடைக்கிறது. உழைப்பவனுக்கு வீடு என்றால் எங்கே கிடைக்கிறது?

2000-ம் ஆண்டு முதல் கண்ணகி நகர். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெருமளவில் பெரும்பாக்கத்துக்கு. நகரத்தின் நடுவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், சதுப்பு நிலத்தை ஒட்டி, எட்டு அடுக்குக் கட்டடங்களில் இருபதாயிரத்துக்கு மேல் வீடுகள் என்று திட்டம் போட்டார்கள். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. ஊர் மாநகரமாக உயர்ந்தது. ஏழையின் நிலை உயர்ந்ததா? அந்த மாநகராட்சிக்குள் இருக்கும் அனகாபுத்தூரில் 2025 மே மாதத்தில் அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டன. பெரும்பாக்கம், கீரப்பாக்கம் போன்ற இடங்களைத்தான் மாற்றாகக் காட்டினார்கள்.

தூரத்துக்கு அனுப்பினால் என்ன நடக்கிறது? வீட்டு வேலை செய்த பெண்களுக்கு வேலை போகிறது.  மின்சார ரயில் அந்தப் பக்கம் போவதே இல்லை. குடும்பம் என்ன செய்யும்? தவணைக் கடனில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குகிறது. பையன் வேலைக்குப் போனால் இன்னொன்று. வண்டியே இல்லாமல் பிழைத்த குடும்பம் இரண்டு வண்டிக்குக் கடன்காரன் ஆகிறது. பிறகு அதே ஜனங்களைப் பார்த்து, "இவர்கள் வண்டிகளால் தெரு நிறைகிறது" என்று குறை சொல்கிறார்கள்! தோழர்களே, வண்டிப் பிரச்னை வீட்டுக்குள்ளிருந்து பிறக்கவில்லை. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே உள்ள தூரத்திலிருந்து பிறக்கிறது. ரயிலடிக்குப் பக்கத்தில் வீடு கட்டுங்கள், வண்டி தானே குறையும்.

நடக்காத காரியமா இது? மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஆஸ்திரியாவின் வியன்னா நகரசபை தொழிலாளர் கட்சியின் கையில் இருந்தபோது, 1923 முதல் 1934 வரை அறுபதாயிரத்துக்கு மேல் வீடுகள் கட்டியது. பணம் எங்கிருந்து வந்தது? பெரிய வீட்டுக்காரர்கள் மேல் படிப்படியாக ஏறும் வீட்டு வரியிலிருந்து. கார், குதிரைப் பந்தயம், வேலைக்காரர்கள் போன்ற ஆடம்பரங்கள் மேல் போட்ட வரியிலிருந்து. 1930-ல் திறந்த கார்ல் மார்க்ஸ் குடியிருப்பில் 1,382 வீடுகளோடு சலவைக் கூடமும் குழந்தைகள் பள்ளியும் இருந்தன.

தொழிலாளர் கட்சி ஆண்ட நகரத்தை மட்டும் காட்டுகிறீர்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். முதலாளித்துவ ஜப்பானில் 1962 முதல் ஒரு சட்டம் உண்டு: கார் வாங்குகிறவர் அதை நிறுத்தத் தெரு அல்லாத ஓர் இடம் இருப்பதாகச் சான்று காட்ட வேண்டும். நம் தமிழர்கள் வாழும் சிங்கப்பூரில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட ஜனங்கள் சர்க்கார் வாரியம் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே வீடு வேறு, கார் நிறுத்துமிடம் வேறு. கார் வைத்திருப்பவர் மாதக் கட்டணம் தனியாகக் கட்டுகிறார். கார் இல்லாதவன் தலையில் அந்தச் செலவு விழுவதில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று: புதிய ஏழைக் குடியிருப்புகளை ரயில் நிலையம், பஸ் நிலையம் இருக்கும் இடங்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் கட்ட வேண்டும். சர்க்கார் நிலத்தை விலைக்கு விற்பதற்கு முன் இதற்கு ஒதுக்க வேண்டும்.

இரண்டு: வண்டிக்கு இடம் விடுவது உண்மையான கணக்கின்படி இருக்க வேண்டும். இரு சக்கர வண்டி, ஆட்டோ, தள்ளுவண்டி இவற்றுக்கு முதல் இடம். காருக்கு இடம் வேண்டுபவர் அதற்குத் தனியே கட்டணம் தரட்டும்.

மூன்று: குறுகிய தெருக்களில் ஒரு புறம் மட்டுமே வண்டி நிற்கலாம் என்று குறித்து, ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழியை எந்நேரமும் திறந்து வைக்க வேண்டும். பழைய குடியிருப்போர் இதனால் பயன்பெறுவார்கள்.

நான்கு: தெருவில் கார் நிறுத்த வாங்கும் கட்டணம் அந்த வட்டாரத்தின் பஸ்ஸுக்கும் நடைபாதைக்குமே செலவாக வேண்டும்.

ஐந்து: பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகருக்கு முதல் ஷிப்டுக்கு முன்பே பஸ் வர வேண்டும், இரவு ஷிப்டு முடிந்த பிறகும் இருக்க வேண்டும்.

இவற்றை மனுவாக எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் முடிச்சூரிலும் உள்ள குடியிருப்போர் சங்கங்களுக்கு நாம் நேரே போக வேண்டும். 2015 வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியபோது மாடி வீட்டுக்காரரும் குடிசைவாசியும் ஒரே படகுக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் நமக்கு எதிரிகள் அல்ல. "உங்கள் தெரு அடைபடக் கூடாது; எங்கள் குடும்பம் தெருவில் நிற்கவும் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து மாநகராட்சியிடம் கேட்போம், வாருங்கள்" என்று சொல்லுங்கள். ஒரு தரம் சொன்னால் கேட்காவிட்டால் மூன்று தரம் போங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் கையெழுத்து வாங்கும் வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு தோழரும் தன் தெருவின் அகலத்தை அளந்து, எத்தனை வண்டி நிற்கிறது, எத்தனை குடும்பம் வாடகையில் தவிக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கோடு மாநகராட்சி வாசலுக்குப் போவோம்!