நடுகல் காட்டும் நெறி



போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல்லெடுத்து வழிபடுதல் பழந்தமிழர் மரபு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. ஆநிரை கவர்ந்து மாண்டவனுக்கும் கல் நட்டனர். ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும் கல் நட்டனர். செங்கம் வட்டாரத்து நடுகற்கள் இதற்குச் சான்று. பூசலின் நேர்மையை ஆராய்தல் வேறு; உயிரீந்தவனுக்குச் சிறப்புச் செய்தல் வேறு என அவர்கள் தெளிந்திருந்தனர்.

1914 முதல் 1918 வரை நிகழ்ந்த உலகப் போரில் 70,000-க்கும் மேற்பட்ட இந்திய வீரர் மாண்டனர். அவர்தம் நினைவாகவே 1931-ல் தில்லியில் இந்தியா கேட் திறக்கப்பெற்றது. “அயலார் ஆட்சிக்காக மடிந்தவர்க்கு வணக்கம் எதற்கு?” என வினவுவார் உளர். அப்போரை மூட்டியவர் அவரல்லர். அவ்வாட்சியைப் பழித்தல் தகும். அப்பழியை இறந்தார் தலையில் ஏற்றுதல் தகாது. அவரையும் ஒரு தாய் பெற்றாள்; வருவான் என வாயிலில் விழிவைத்துக் காத்திருந்தாள்.

ஆதலின் அன்பர்களே, நம் முன்னோர்க்கென ஆலயத்தில் மோட்ச தீபம் ஏற்றுங்கால், கொள்ளி வைக்கவும் ஆளின்றி அயல்மண்ணில் வீழ்ந்த அம்மறவர்க்கும் ஒரு சுடர் ஏற்றுங்கள். எவ்வுயிர்க்கும் அம்மையப்பனாகிய ஈசன், “எப்பக்கம் நின்றாய்?” எனக் கேட்டு அருள்பவன் அல்லன்.

திருச்சிற்றம்பலம்.