பூத்தொண்டும் பொதுத்தொண்டும்



ஆண்டவன் எனக்கென்று கொடுத்த வரம் எது, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேள்வித்தாள் கொடுத்து, மதிப்பெண் போட்டு, 'உங்களுக்குப் போதிக்கும் வரம் இருக்கிறது' என்று சொல்லி அனுப்பும் முகாம்கள்கூட நடக்கின்றன. எனக்கு அவற்றில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தன் ஆசை தெரியவரும். வரம் தெரியவருமா என்பது சந்தேகம். பெறுகிறவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்து வேலையில் இறங்கியவருக்குத்தான் அது பிடிபடுகிறது. ஆதாரம் தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை.

விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வாரைப் பற்றிக் குருபரம்பரை நூல்கள் சொல்வதைக் கவனியுங்கள். தொண்டு செய்யவேண்டும் என்று தோன்றியபோது, 'எனக்கு எது நன்றாக வரும்?' என்று அவர் யோசிக்கவில்லை. 'பெருமாளுக்கு எது பிடிக்கும்?' என்று யோசித்தார். கம்சன் ஊருக்குப் போன கண்ணன், மாலைக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்று பூ கேட்டு வாங்கிச் சூடிக்கொண்ட கதை நினைவுக்கு வந்தது. கேட்டு வாங்கியிருக்கிறான் என்றால் பிடித்திருக்கிறது என்றுதானே பொருள்? திருவில்லிபுத்தூர் வடபத்ரசாயிப் பெருமாளுக்கு ஒரு நந்தவனம் போட்டார். மண்ணைக் கொத்தினார், தண்ணீர் இறைத்தார், துளசி வளர்த்தார், மாலை கட்டினார்.

பாண்டியன் வல்லபதேவன் சபையில் பரம்பொருள் யார் என்ற விவாதம் வந்தபோது, 'செடிகொடி தவிர எனக்கு என்ன தெரியும்?' என்று அவர் தயங்கியதாகவும், பெருமாளே கனவில் வந்து அனுப்பியதாகவும் மரபு. மதுரைக்குப் போனார், பரிசாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த பொற்கிழி அவர் முன் தாழ்ந்தது, யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். திருப்பல்லாண்டு அங்கே பிறந்தது. இவ்வளவு பெரிய பாட்டு தனக்குள் இருப்பது, பாத்தி வெட்டிக்கொண்டிருந்தவருக்கு முன்கூட்டித் தெரிந்திருக்குமா? ஊர்வலம் முடிந்தபின் அவர் மதுரையிலேயே அரச குருவாக உட்கார்ந்துவிடவில்லை. ஊருக்குத் திரும்பி, பழையபடி பூப்பறிக்கப் போனார். எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இதுதான்.

அவர் மகள் கதை இன்னும் கூர்மையானது. பெருமாளுக்குக் கட்டிய மாலையைக் கோதை என்ற ஆண்டாள் முதலில் தானே சூடி அழகு பார்த்தாள். கண்ட தகப்பனார் பதறி, அதை ஒதுக்கிவிட்டு வேறு மாலை கட்டிக்கொண்டு போனார். பெருமாளோ அவள் சூடியதுதான் வேண்டும் என்றார். காணிக்கையில் குறை எது, நிறை எது என்பதைக்கூட வாங்குகிறவர் முடிவு செய்த இடம் இது. இன்றும் திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும், சித்திரையில் மதுரையில் ஆற்றில் இறங்கும் கள்ளழகருக்கும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை திருவில்லிபுத்தூரிலிருந்துதான் போகிறது.

ஆண்டாள் இடக்கையில் இருக்கும் கிளியைப் பார்த்திருப்பீர்கள். அருகில் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? மாதுளம்பூ அலகு. மரவள்ளி இலை உடம்பு. அரளிப்பூவால் வால், காக்காய்ப்பொன்னால் கண். எல்லாவற்றையும் பிடித்துக் கட்டுவது வாழைநார். சில மணி நேர வேலை. மறுநாள் அந்தக் கிளி கிடையாது, புதுக்கிளி வந்துவிடும். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிறார்கள். பெயர் பொறிக்க அதில் இடமில்லை. பொறித்தாலும் மறுநாள் வாடிவிடும்.

ஒன்றைச் சொல்லாமல் கடந்தால் இந்தப் பேச்சு அரைகுறையாகிவிடும். பிறப்பைப் பார்த்து வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களின் கையிலும் பூ கட்டும் திறமை இருந்தது, தொண்டையில் பாட்டு இருந்தது. காந்தியவாதி வைத்தியநாத ஐயர் அவர்களில் சிலரை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8 அன்றுதான். வரம் இல்லாததாலா அத்தனை காலம் அவர்கள் வெளியே நின்றார்கள்?

கொரிந்து நகரக் கிறிஸ்தவச் சபையிலும் வரத்தை வைத்து உயர்வு தாழ்வு பேசினார்கள். அவரவருக்குக் கொடுக்கப்பட்டது எல்லாருடைய நன்மைக்கும்தான் என்று அப்போஸ்தலர் பவுல் அவர்களுக்கு எழுத வேண்டியிருந்தது.

இருந்த வழி அடைபட்டு வேறு வழி திறந்ததும் உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1918இல் எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த கரிசல்காட்டுக்காரர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று இருந்தார். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, 1 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. ஸ்ரீ அரவிந்தரின் அடியவர் வைத்த பெயர் அது. கண்புரையால் பார்வை போனவர்கள் கிராமங்களில் அவ்வளவு பேர் இருந்தார்கள். அந்தத் தேவைதான் அவரை உருவாக்கியது என்பது என் கட்சி.

இங்கே வந்திருக்கும் ராஜபாளையத்துக்காரர்களுக்குப் பூ. ச. குமாரசாமி ராஜாவைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிறந்த சில நாளில் தாயையும், சிறு வயதிலேயே தந்தையையும் இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர், பின்னர் ஒரிசாவின் ஆளுநர். பதவிகளைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். நான் நினைப்பது அவர் வீட்டை. குடியிருந்த வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். ஊருக்குப் பாட்டும் படிப்பும் நடக்க ஓர் இடம் தேவைப்பட்டது. அவரிடம் வீடு இருந்தது. இதற்கு எந்த வரத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும்?

பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். யார் காயத்துக்குப் போகிறது என்று நெய்கிறவருக்குத் தெரியாது. கூலிக்குச் செய்யும் வேலைதானே என்பீர்கள். ஆனாலும் இழை சீராக விழுந்திருந்தால் எங்கோ ஒருவருக்கு வலி குறைகிறது.

என்னைப் பேச அழைத்த அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு என்னைப்போல் ஒருவரை அழைத்துப் பேசவைப்பதற்கு முன், இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களைச் சில சனிக்கிழமைகள் ஏதாவது ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு அனுப்பிவையுங்கள். மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்லவும், சக்கர நாற்காலி தள்ளவும், துணைக்கு ஆளில்லாத கிழவியோடு எக்ஸ்ரே அறைவரை நடந்து போகவும் அங்கே ஆள் தேவைப்படும். யாருக்கு எது கைவந்தது என்று அவர்களே வந்து இந்த மேடையில் சொல்லட்டும். நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.